செடி வாடுகிறது, பூ உதிர்கிறது, காய் அழுகுகிறது: எங்கே பார்ப்பது, என்ன செய்வது

மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: மண்ணுக்குள் இரண்டு அங்குல ஆழம், இலையின் அடிப்பக்கம், தண்டு மண்ணைத் தொடும் இடம். வீட்டுத் தோட்டத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கும். வேரில் உள்ள குறைக்கு இலையில் தெளிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. செடியும் போகும், வாரங்களும் வீணாகும்.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கிறது. செடியையே பிடுங்க வேண்டிய காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஏழு முதல் பத்து நாள் பொறுங்கள். கெட்டுப்போன இலை மறுபடி சரியாகாது. அடுத்து வரும் தளிர் நன்றாக இருக்கிறதா என்பதே அளவுகோல்.

## விதை முளைக்கவில்லை, நாற்று சாய்கிறது

முளைக்கவே இல்லை. விதையைத் தோண்டிப் பாருங்கள். கெட்டியாக, மாறாமல் இருந்தால் ஈரமோ சூடோ போதவில்லை. பிதுக்கினால் கூழாக வந்தால் தண்ணீர் அதிகம். விதையின் பருமனைப்போல இரண்டு, மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மேலே தூவி மெல்லிய மண் போர்த்தினாலே முளைக்கும். பாகல், புடலை போன்ற தடித்த தோல் விதைகளை ஓரிரவு ஊறவைத்து விதையுங்கள். விதை பழசா என்று பார்க்க, பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஐந்துக்கும் குறைவாக முளைத்தால் வேறு விதை வாங்குவதே மேல்.

நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து துவள்கிறது. வெளிச்சம் போதவில்லை. முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். தக்காளி நாற்றாக இருந்தால் மாற்றி நடும்போது தண்டை ஆழமாகப் புதைத்துவிடுங்கள். புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். மற்ற நாற்றுகளில் இதைச் செய்யாதீர்கள்.

அடித்தண்டு இற்றுப்போய் ஒரே நாளில் சாய்கிறது. இது நாற்றழுகல். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. தட்டில் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற நெருக்கத்தைக் களையுங்கள், காற்றோட்டம் கொடுங்கள், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். நாற்றுப் பாத்தி முழுவதும் பரவினால் காப்பர் ஆக்சி குளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து, சதுர மீட்டருக்கு 4 லிட்டர் என மண் நனைய ஊற்றலாம். அடுத்த முறை விதைக்கும்போது டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) தூளில் விதையைப் புரட்டி எடுங்கள். கிலோவுக்கு 4 கிராம் என்பது அளவு, வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை.

## செடி வாடுகிறது

வாடிய செடியைக் கண்டதும் கை தண்ணீர்க் குழாய்க்குத்தான் போகும். முதலில் விரலை மண்ணுக்குள் விடுங்கள்.

### மண் காய்ந்திருந்தால்

தண்ணீர் விடுங்கள், இரண்டு மணி நேரத்தில் நிமிர்ந்தால் வேறு கோளாறு இல்லை. ஊற்றிய தண்ணீர் உடனே அடித்துளை வழியாக ஓடிவிட்டால் ஏமாறாதீர்கள். காய்ந்து சுருங்கிய கோகோபீட் (தென்னைநார்த் துகள்) கலவை தொட்டியின் ஓரத்தைவிட்டு விலகியிருக்கும். தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கிவிடும், நடுவேர் நனையாது. தொட்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். தூக்க முடியாத தொட்டி என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து தடவை ஊற்றுங்கள்.

தினமும் இரண்டு வேளை ஊற்றியும் வாடுகிறதா? தொட்டி சிறிது. தக்காளிக்கும் கத்தரிக்கும் 20 லிட்டர், மிளகாய்க்கு 10 முதல் 12 லிட்டர், சுரை, பீர்க்கு போன்ற கொடிகளுக்கு 40 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு வேண்டும்.

### உச்சி வெயிலில் வாடி, மாலையில் நிமிர்ந்தால்

பூசணி, வெள்ளரி போன்ற அகல இலைக் கொடிகளுக்கு இது இயல்பு. காலையிலும் வாடியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

### மண் ஈரமாக இருந்தும் வாடினால்

வடிகால் அடைப்பு. தொட்டியைச் சாய்த்து அடித்துளையில் குச்சியை விட்டுப் பாருங்கள். வேரோ மண்ணோ அடைத்திருக்கும். தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள். மண்ணில் புளித்த வாடை அடித்தால் செடியை மண்கட்டியோடு உருவி எடுங்கள். வெள்ளை வேர் நல்லது. பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து நார் மட்டும் கையில் வருவது அழுகிய வேர். அழுகியதை வெட்டி, மேலேயும் மூன்றில் ஒரு பங்கு இலையைக் குறைத்து, புதிய கலவையில் நட்டு ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பாதிக்கு மேல் அழுகியிருந்தால் புதுச்செடி வைப்பதே லாபம்.

தரையில் நட்டது என்றால் பக்கத்தில் ஓர் அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் பாருங்கள். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் வடிகால் இல்லை. ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி போட்டுவிட்டால் சமாளிக்கலாம். பப்பாளி இருக்கும் இடத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். வேரடியில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே மரம் போய்விடும்.

நுனி மட்டும் வாடுதல். கத்தரியில் செடி முழுவதும் நன்றாக இருக்க, நுனிக்கொழுந்து மட்டும் தொங்கினால் அது தண்டுத் துளைப்பான். தொங்கும் நுனிக்குக் கீழே சிறு துளையும் எச்சமும் தெரியும். துளைக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, பிளந்து, புழு உள்ளே இருக்கிறதா என்று உறுதிசெய்து அழியுங்கள். புழு இல்லையென்றால் இன்னும் கீழே வெட்டுங்கள். வாரம் இருமுறை இதை விடாமல் செய்தால் காயில் துளை விழுவதும் குறையும்.

வேரில் முடிச்சுகள். செடி வாடுவதும் தேறுவதுமாக வளர்ச்சி நின்று கிடந்தால் ஓரத்தில் தோண்டி வேரைப் பாருங்கள். வேரே ஆங்காங்கே வீங்கிக் கணுக்கணுவாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அவரை, பயறு வகைகளின் வேரில் இருக்கும் முண்டுகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், செடிக்கு நன்மை செய்பவை. நூற்புழு முடிச்சு உதிராது. செடியை எடுத்துவிட்டு மண்ணை ஈரமாக்கி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் இறுக மூடி, கடும் வெயில் காலத்தில் நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். பிறகு 10 கிலோ மண்ணுக்கு 50 முதல் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஒரு பருவம் செண்டுமல்லி வையுங்கள்.

பச்சை இலையோடு இரண்டு மூன்று நாளில் செடி படுத்துவிடுதல். தக்காளி, கத்தரி, மிளகாயில் இதுதான் கடைசிக் காரணம், கொடியதும் இதுவே: பாக்டீரியா வாடல். கண்ணாடித் தம்ளர் சோதனை ஒன்று போதும். அடித்தண்டில் மூன்று அங்குலத் துண்டை வெட்டி, தெளிந்த நீர் நிரம்பிய தம்ளரில், வெட்டுமுனை நீரைத் தொடும்படி ஆடாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுமுனையிலிருந்து வெண்மையான மெல்லிய இழை நீருக்குள் இறங்கினால் அதே நோய்தான். எந்த மருந்தும் கேட்காது. செடியை வேரோடு எடுத்து எரியுங்கள். கம்போஸ்டில் போடவே கூடாது. அந்தத் தொட்டி மண்ணை வேறு தொட்டிகளோடு கலக்காதீர்கள். கத்தரிக்கோலைச் சோப்பால் கழுவி, ஆல்கஹாலால் துடையுங்கள். அந்த இடத்தில் மூன்று ஆண்டாவது தக்காளிக் குடும்பம் வேண்டாம். கீரை, வெண்டை, கொடிவகை வைக்கலாம்.

இழை வராமல், தண்டைப் பிளந்தால் உட்புறம் பழுப்புக் கோடாகத் தெரிந்தால் பூஞ்சை வாடல். அதில் இலை மஞ்சளாகித்தான் வாடும், பல நேரம் செடியின் ஒரு பக்கம் மட்டும். முதல் செடியில் கண்டவுடன் பக்கத்துச் செடிகளுக்கு சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) லிட்டருக்கு 10 கிராம் கலந்து வேரடியில் ஊற்றுங்கள்.

ஆளைக் கூப்பிடும் கட்டம்: ஒரே பருவத்தில் மூன்று செடிக்கு மேல் இப்படிப் போனால் மண்ணோடும் வேரோடும் ஒரு செடியைப் பையில் போட்டு வேளாண் அலுவலரிடமோ தாவர நோய் ஆய்வகத்திலோ கொடுங்கள். முழுக்கக் காய்ந்த செடியைக் கொண்டுபோனால் பயனில்லை, பாதி வாடியது வேண்டும்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதில்தான் விடை இருக்கிறது.

அடியிலைகள், சீராக மஞ்சள். தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு, அல்லது வெறும் வயதானது. வாரத்துக்கு ஒன்றிரண்டு என்றால் பறித்துப் போட்டுவிடுங்கள். வேகமாக மேலேறினால் மண்புழு உரம் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போட்டு மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். ஆனால் தண்ணீர் அதிகமானாலும் இதே தோற்றம்தான் வரும். ஈரத்தைச் சோதிக்காமல் உரம் போடாதீர்கள்.

அடியிலைகள், நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள். மெக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், மாலையில் இலையில் தெளிப்பு, பத்து நாளுக்கு ஒருமுறையாக இரண்டு தடவை.

தளிர் இலைகள், நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள். இரும்பு. எலுமிச்சையில் அடிக்கடி வரும். மண்ணில் இரும்பு இருந்தும், காரத்தன்மை மிகுந்தால் வேரால் எடுக்க முடியாது. தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு நீர்தான் காரணமாக இருக்கும். பெரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், அதோடு சிட்ரிக் அமிலம் 1 கிராம் சேர்த்துத் தெளித்தால் தற்காலிகமாகப் பசுமை திரும்பும். மழைநீர் கிடைக்கும்போதெல்லாம் அதையே ஊற்றுங்கள்.

இலை ஓரம் கருகல். உரமோ உப்போ தேங்கிவிட்டது. தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். ஒரு மாதம் உரத்தை நிறுத்துங்கள்.

வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சள் வலையாகத் தெரிதல். மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸ், வெள்ளை ஈ பரப்புவது. செடியைப் பிடுங்குங்கள். காய் சிறுத்து மஞ்சளாகத்தான் வரும், காத்திருந்தால் அடுத்த செடிகளும் போகும்.

இரண்டு முறை சத்து கொடுத்தும் தளிர் தேறவில்லை என்றால் இனி ஊகித்துப் பயனில்லை. மண் பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலையையும் உப்பின் அளவையும் பார்த்துவிடுங்கள்.

## இலை சுருள்கிறது

மிளகாயும் தக்காளியும் வைப்பவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். எல்லாச் சுருளலையும் வைரஸ் என்று எண்ணி நல்ல செடிகளைப் பிடுங்குவதும் நடக்கிறது; பூச்சி என்று எண்ணி வைரஸ் செடியை மாதக்கணக்கில் வளர்ப்பதும் நடக்கிறது. ஒரு வெள்ளைத்தாளும் கைபேசியும் இருந்தால் பிரித்தறியலாம். நுனிக்கொழுந்தைத் தாளின் மேல் பிடித்து நான்கைந்து முறை தட்டுங்கள். விழுந்ததைக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

இலை மேல்நோக்கிப் படகாக மடங்கினால்: தாளில் நீண்டு மெலிந்து, வெளிர் மஞ்சளிலோ பழுப்பிலோ ஓடுபவை இலைப்பேன். முதல் மூன்று நாள் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. கலந்து மாலையில் தெளியுங்கள். எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும். முதலில் 1 முதல் 2 மி.லி. திரவ சோப்பில் நன்றாகக் குழைத்து, பிறகு நீர் சேர்க்க வேண்டும். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை தெளித்தால்தான் புதிதாகப் பொரித்து வருபவையும் அடங்கும். நீல ஒட்டுப்பொறி இலைப்பேனுக்கு, மஞ்சள் ஒட்டுப்பொறி வெள்ளை ஈக்கு.

இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, கொழுந்து தடித்துச் சிறுத்தால்: சிலந்திப்பேன். தாளில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அவ்வளவு சிறிது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், கொழுந்தும் இலை அடியும் நனைய. வெயில் 32 டிகிரிக்கு மேல் போகும் பகலில் கந்தகம் அடித்தால் இலை கருகும், அதனால் மாலை சாய்ந்த பிறகே. வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்காதீர்கள். கொடிவகைகளில் பல கந்தகத்தைத் தாங்காது.

தக்காளியில் அடியிலைகள் மட்டும் குழாயாகச் சுருண்டு, நிறம் மாறாமல் இருந்தால்: வெயில், அதிகப்படியான கவாத்து (கிளை வெட்டுதல்), சீரில்லாத தண்ணீர். ஒன்றும் தெளிக்க வேண்டாம். வேரடியில் மண்ணை மூடும்படி காய்ந்த இலையாலோ வைக்கோலாலோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போடுங்கள்.

தளிர் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, சுருண்டு, செடியே குட்டையாக நின்றால்: இலைச்சுருள் வைரஸ். தாளில் பூச்சி இல்லாவிட்டாலும் இந்தத் தோற்றம் இருந்தால் முடிவு அதுதான். மருந்து கிடையாது. பிடுங்குவதற்கு முன் செடியைப் பெரிய பையால் மூடி, அப்படியே வேரோடு எடுங்கள். இல்லாவிட்டால் அதிலுள்ள வெள்ளை ஈக்கள் பறந்து பக்கத்துச் செடியில் உட்காரும்.

## பிசுபிசுப்பு, எறும்பு, வெள்ளைப் பொடி

எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. அவை கழிக்கும் இனிப்பு நீர்தான் பிசுபிசுப்பு. அதன்மேல் கரும்பூஞ்சை படரும். மாவுப்பூச்சி சில இடங்களில் மட்டும் என்றால் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுங்கள். பரவியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி, பிறகு திரவ சோப்பு லிட்டருக்கு 5 மி.லி. எறும்பைத் தடுக்காமல் இதைச் செய்தால் மறுபடி வரும், ஏனெனில் எறும்பு அவற்றுக்குக் காவல் நிற்கிறது.

இலையின் மேல் மாவு தூவியதாகத் தெரிந்து, தேய்த்தால் விரலில் ஒட்டினால் சாம்பல் நோய். அடியிலைகளை நீக்கி இடைவெளி விடுங்கள். ஒரு பங்கு பாலுடன் ஒன்பது பங்கு நீர் கலந்து வெயில் வேளையில் வாரம் ஒருமுறை தெளிப்பது ஆரம்ப நிலையில் நன்றாகக் கேட்கும். இலையில் பாதி மூடிய பிறகு பயன் இல்லை.

## பூ உதிர்கிறது, பிஞ்சு நிற்கவில்லை

### தக்காளி, மிளகாய், கத்தரி

முதலில் வெப்பத்தைப் பாருங்கள். பகல் 35 டிகிரிக்கு மேலும் இரவு 24 டிகிரிக்கு மேலும் தொடர்ந்தால் தக்காளியில் மகரந்தம் செயலிழந்து பூ கொட்டும். நிழல்வலையால் பிற்பகல் வெயிலை மறைக்கலாம், மற்றபடி பருவம் மாறும்வரை செடியை உயிரோடு வைத்திருப்பதே வேலை.

வெப்பம் இல்லை, செடி கரும்பச்சையாகக் கொழுகொழுவென்று இருக்கிறது, பூ குறைவு என்றால் தழைச்சத்து மிகுந்துவிட்டது. சாணமும் புண்ணாக்குக் கரைசலும் மூன்று வாரம் நிறுத்துங்கள். மரச்சாம்பல் ஒரு கைப்பிடி போடலாம், மண் ஏற்கெனவே காரமாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

காற்றோ வண்டோ வராத இடமென்றால் காலை பத்து மணிக்குமேல் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். தினமும் செய்தால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு மிளகாயில் பூ கொட்டினால் மட்டும் என்.ஏ.ஏ. வளர்ச்சி ஊக்கி. 4.5 சதவீதம் கொண்ட மருந்தென்றால் 4.5 லிட்டர் நீருக்கு 1 மி.லி. மட்டும். கூடுதலாகப் போனால் இருக்கும் பூவையும் பிஞ்சையும் இதுவே உதிர்க்கும். சிரிஞ்சில் அளந்து எடுங்கள், மூடியில் ஊற்றிக் குத்துமதிப்பாக வேண்டாம்.

### கொடிவகை

முதல் ஒன்றிரண்டு வாரம் பூவெல்லாம் உதிர்ந்தால் ஒன்றும் ஆகவில்லை. ஆண்பூ முதலில் வரும், உதிரவே செய்யும். பெண்பூவின் அடியில் குட்டிக்காய் இருக்கும். ஆண்பூவுக்கு வெறும் காம்புதான். பெண்பூவே வராமல் கொடி ஓடிக்கொண்டிருந்தால் சுமார் ஆறடியில் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகளில் பெண்பூ கூடுதலாக வரும்.

குட்டிக்காய் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. கையால் சேர்க்க வேண்டும். நேரம் தவறினால் பலனில்லை. பூசணி, பாகல், வெள்ளரி அதிகாலையில் விரியும், எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். சுரையும் பீர்க்கும் மாலையில் விரியும், புடலை இருட்டிய பிறகு. காலையில் போய் வாடிய சுரைப்பூவைத் தேய்ப்பதால்தான் பலருக்குக் காய் பிடிப்பதில்லை. அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூலகமுடி முழுவதும் படும்படி மெதுவாக ஒற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும்.

## காய் கெடுகிறது

தக்காளியின் அடியில் கறுப்பு, தோல் போன்ற பள்ளம். நோயல்ல. காய்க்குக் கால்சியம் போய்ச்சேரவில்லை, பெரும்பாலும் தண்ணீர் ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று விடுவதால். கெட்ட காயைப் பறித்துவிட்டு, மூடாக்குப் போட்டு, தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு விடுங்கள். யூரியா வேண்டாம். இலையில் கால்சியம் தெளிப்பது காய்க்கு அவ்வளவாகப் போகாது. கால்சியத்துக்கென்று போடும் முட்டை ஓடு மக்க மாதங்கள் ஆகும். இந்தப் பருவத்துக்கு உதவாது.

வெடிப்பு. காய்ந்த மண்ணில் திடீரென்று நிறையத் தண்ணீரோ மழையோ. நிறம் திரும்பியதுமே பறித்து உள்ளே பழுக்க வையுங்கள்.

தக்காளியில் உருண்டைத் துளை. காய்ப்புழு. துளையுள்ள காயையெல்லாம் பறித்து அழித்து, பி.டி. எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) லிட்டருக்கு 2 கிராம் மாலையில் தெளியுங்கள். புழு காய்க்குள் போன பிறகு அது எட்டாது. சிறு புழு இலையைத் தின்னும்போதே அடிக்க வேண்டும்.

பாகல், பீர்க்கு, சுரையில் ஊசிக்குத்து, பிசின் கசிவு, கோணல், அழுகல். பழ ஈ. மருந்தைவிட உறையே மேல்: பூ வாடி விழுந்த அன்றே பிஞ்சைத் துணியிலோ காகிதத்திலோ உறையிட்டு, வாயைக் கட்டுங்கள். இரண்டு நாள் பிந்தினால் முட்டை உள்ளே போயிருக்கும். கொடிவகைக்குக் கியூலூர், கொய்யாவுக்கும் மாமரத்துக்கும் மெத்தில் யூஜினால் கவர்ச்சிப்பொறி. மாற்றி வைத்தால் ஈ வராது. பொறியில் விழுவது ஆண் ஈ மட்டும் என்பதால் உறையைக் கைவிடாதீர்கள். விழுந்த காயை மண்ணில் விடாமல் பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள்.

ரசாயன மருந்து அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால் கடைக்காரர் சொல்வதை வைத்து வாங்காதீர்கள். கெட்ட காயை வேளாண் அலுவலரிடம் காட்டி மருந்தைக் கேளுங்கள். லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்க வேண்டும். அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அதில் போட்டிருப்பதை ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது. வீட்டுப் பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் போடும் காய் இது.

## பப்பாளி, எலுமிச்சை காய்க்கவே இல்லை

பப்பாளியில் பூ நீண்ட கொத்தாகத் தொங்கினால் ஆண்மரம்; எடுத்துவிட்டு வேறு வையுங்கள். தொடக்கத்திலேயே ஒரு குழிக்கு மூன்று நாற்று நட்டு, பூத்த பிறகு தேவையானதை வைத்துக்கொள்வதே வழி. காய் பிடித்தும் மேடுபள்ளமாகக் கோணினால் போரான் குறைவு: போரிக் அமிலம் லிட்டருக்கு 1 கிராம், மாதம் ஒருமுறை தெளிப்பு. இலை தேமலாகி நூலாக மெலிந்து, காயில் வளையங்கள் தெரிந்தால் வளையப்புள்ளி வைரஸ், மரத்தை வெட்டிவிடுங்கள்.

எலுமிச்சை விதையில் முளைத்ததென்றால் நான்கு முதல் ஆறு ஆண்டு பொறுக்க வேண்டும். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்குக் கீழே கிளம்பிய கிளைகளைத் தேடுங்கள்: முள் பெரிதாக, இலை வேறு வடிவில் இருக்கும். அவற்றை அடியோடு கிள்ளாமல் விட்டால் ஒட்டுப்பகுதி நலிந்து, அடிமரமே செடியாகிவிடும். தளிரில் வெள்ளிக்கோடுகள் தெரிந்தால் இலைத்துளைப்பான்; வளர்ந்த மரம் அதைத் தாங்கும், இளங்கன்றுக்கு மட்டும் தளிர் விடும்போது வேப்பெண்ணெய். தண்டில் பிசின் வடிந்து பட்டை பிளந்தாலோ, தண்டுத் துளையிலிருந்து மரத்தூள் கொட்டினாலோ கைவைத்தியத்தில் நாள் கடத்தாமல் தோட்டக்கலை அலுவலரை அழையுங்கள். பட்டை தண்டைச் சுற்றி முழுவதும் அழுகிவிட்டால் மரம் மீளாது.